இப்ஸ்விச் டவுன்: ராம்சே அணியா, ராப்சன் அணியா, பர்லி அணியா, மெக்கென்னா அணியா?

கிருஷ்ணகிரி நடுக்களம்:

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் இங்கிலாந்தின் இப்ஸ்விச் டவுன் கால்பந்து அணியைப் பின்தொடர்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் இருவர் சேர்ந்துவிட்டால் இந்தச் சண்டை மூளாமல் இருப்பதில்லை. இங்கேயே வைத்துப் பேசித் தீர்த்துவிடலாம் என்று தொடங்குகிறேன். ஆல்ஃப் ராம்சே, பாபி ராப்சன், ஜார்ஜ் பர்லி, கீரன் மெக்கென்னா ஆகிய நான்கு மேலாளர்களில் யாருடைய அணி மேலானது?

நான் ராப்சன் கட்சி. அன்றைய உச்ச லீக்கான முதல் டிவிஷன் பட்டத்தை வென்றவர் ராம்சேதான், ராப்சன் வெல்லவே இல்லை என்று உடனே கிளம்பி வருவீர்கள். வாருங்கள். அதற்கு முன் இரண்டு பருவங்களின் கணக்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 1961-62இல் ராம்சே அணி 42 ஆட்டங்களில் 24 வெற்றி, 8 டிரா, 56 புள்ளிகள், சாம்பியன். 1980-81இல் ராப்சன் அணி 42 ஆட்டங்களில் 23 வெற்றி, 10 டிரா; அதே 56 புள்ளிகள்; இரண்டாமிடம். இரண்டு முறையும் வெற்றிக்கு 2 புள்ளிகள்தான். 3 புள்ளி முறை 1981-82இல்தான் வந்தது. ஆகவே ஒப்பீட்டில் கோளாறு எதுவும் இல்லை. ராம்சே அணி வாங்கிய கோல்கள் 67, ராப்சன் அணி வாங்கியவை 43. 1962இல் பர்ன்லி 53 புள்ளிகளோடு நின்றுவிட்டது. 1981இல் ஆஸ்டன் வில்லா 60 எடுத்துவிட்டது. பட்டம் பாதி நம் கையில், பாதி எதிராளி கையில். அணியின் தரத்தைப் பட்டத்தை மட்டும் வைத்து அளப்பதை நான் ஏற்கவில்லை.

சிற்றலை, தருமபுரி:

தம்பி, கணக்கெல்லாம் சரிதான். ஆனால் எங்கிருந்து எங்கே ஏறினார்கள் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லையே. 1936 வரை அது அமெச்சூர் கிளப். லீக்கில் இடம் கிடைத்ததே 1938இல். 1955 ஆகஸ்டில் ராம்சே பொறுப்பேற்றபோது அணி மூன்றாம் டிவிஷனின் தெற்குப் பிரிவில் கிடந்தது. 1957இல் அதை வென்றார். 1961இல் இரண்டாம் டிவிஷனை வென்றார். 1962இல், வாழ்நாளில் முதல் தடவையாக முதல் டிவிஷனில் கால்வைத்த பருவத்திலேயே, பட்டத்தையும் வென்றார். லீக் தொடங்கிய முதல் ஆண்டில் வென்ற பிரஸ்டனைத் தவிர, நுழைந்த முதல் பருவத்திலேயே பட்டம் வென்ற அணி இங்கிலாந்தில் வேறு இல்லை. இதை எந்தத் தராசில் வைத்தாலும் தட்டு தாழ்ந்தே தீரும்.

அதைவிட முக்கியம், எப்படி வென்றார்கள் என்பது. பெரிய பெயர்கள் எவரும் அந்த அணியில் இல்லை. 1961 டிசம்பரில் டாட்டன்ஹாம் ஜிம்மி கிரீவ்ஸ் என்ற ஒரே ஆளுக்கு 99,999 பவுண்டு கொடுத்தது. ராம்சேயின் பதினொருவரையும் சேர்த்து வாங்க அதில் பாதிகூட ஆகவில்லை. அப்படிப்பட்ட அணி அந்தப் பருவத்தில் டாட்டன்ஹாமைத் தன் மைதானத்தில் 3-2, அவர்கள் மைதானத்தில் 3-1 என்று இரண்டு முறையும் தோற்கடித்தது. முந்தைய ஆண்டு லீக்கையும், தோற்றால் வெளியேறும் போட்டியான எஃப்.ஏ. கோப்பையையும் சேர்த்து வென்ற டாட்டன்ஹாமை!

இதற்குத் திறவுகோல் ஜிம்மி லெட்பெட்டர். காகிதத்தில் அவர் இடது விங்கர், அதாவது இடது ஓரமாக முன்னேறித் தாக்குகிறவர். வயது 33, ஒடிசலான உடம்பு, ஓட்டத்தில் வேகம் கிடையாது. அவரை மறிக்க வேண்டியவர் வலது ஓரத் தடுப்பாட்டக்காரரான ஃபுல்பேக். அந்தக் காலத்து வலது ஃபுல்பேக்குக்குக் கற்றுக்கொடுத்திருந்த பாடம் ஒன்றே ஒன்று: எதிரணி விங்கரை விட்டு விலகாதே. ராம்சே செய்தது என்ன? லெட்பெட்டரைக் கோட்டோரமாக மேலே அனுப்பாமல், நடுக்களத்துக்குப் பின்னே இழுத்து நிறுத்தினார். இப்போது அந்த ஃபுல்பேக் என்ன செய்வார்? தன் ஆளைத் தேடி முன்னே போனால் முதுகுக்குப் பின்னால் இடம் திறந்துவிடும்; டெட் ஃபிலிப்ஸ் அங்கே ஓடுவார். போகாமல் நின்றால் லெட்பெட்டருக்கு நிமிர்ந்து பார்த்துப் பந்தைப் போட வேண்டிய நேரம் கிடைத்துவிடும். இரண்டில் எதைச் செய்தாலும் அடி. ரே கிராஃபோர்டு 33 கோல், ஃபிலிப்ஸ் 28 கோல். அணி போட்ட 93இல் 61 அந்த இருவருடையவை. ராம்சேயே டாட்டன்ஹாமுக்கும் இங்கிலாந்துக்கும் வலது ஃபுல்பேக்காக ஆடியவர். எந்த இக்கட்டில் ஒரு ஃபுல்பேக் தடுமாறுவான் என்பதைத் தன் காலால் அறிந்தவர். 1966இல் இங்கிலாந்துக்கு உலகக் கோப்பையை வாங்கிக்கொடுத்த விங்கர் இல்லாத ஆட்டத்துக்கு விதை நம் மைதானமான போர்ட்மன் ரோட்டில் விழுந்தது.

பென்னாகரம் பத்து:

சிற்றலை ஐயா, லெட்பெட்டர் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன், அருமை. ஆனால் கதையை அங்கேயே நிறுத்தினால் எப்படி? 1962 ஆகஸ்டில், லீக் சாம்பியனும் எஃப்.ஏ. கோப்பை வென்ற அணியும் மோதும் சாரிட்டி ஷீல்டு ஆட்டம். டாட்டன்ஹாம் மேலாளர் பில் நிக்கல்சன் தன் ஃபுல்பேக்குகளை உள்ளே இழுத்து கிராஃபோர்டையும் ஃபிலிப்ஸையும் மறிக்கச் சொன்னார். பின்னால் நிற்கும் விங்கர்களை நடுக்கள ஆட்டக்காரர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். 5-1 என்று நாம் தோற்றோம். ஒரு பூட்டு, ஒரு சாவி. அந்தச் சாவி எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. 1962-63இல் நம் அணி 17ஆம் இடம். 1963-64இல் 121 கோல் வாங்கிக் கீழே விழுந்தது. ராம்சே அதற்குள் இங்கிலாந்து அணிக்குப் போய்விட்டார், ஜாக்கி மில்பர்ன் தலையில் விடிந்தது. வயதான ஆட்டக்காரர்களுக்கு மாற்று ஆள் தேடி வைக்காமல் போனவர் யார்?

மேலாளரை அவர் போன பிறகு நடப்பதை வைத்தும் அளக்க வேண்டும் என்பது என் கட்சி.

சந்தூர் மாந்தோப்பு:

எங்கள் பக்கம் மாமரத்தோடு வாழ்கிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அல்போன்சா ஒரு வருடம் கொட்டிக் காய்த்தால் மறுவருடம் ஓய்ந்துவிடும். நீலமும் பெங்களூராவும் அப்படி இல்லை. வருடம் தவறாமல் தரும். சந்தையில் மதிப்பு அல்போன்சாவுக்குத்தான், குடும்பத்தைக் காப்பாற்றுவது பெங்களூரா. ராம்சே அணி அல்போன்சா, ராப்சன் அணி பெங்களூரா. எனக்கு எது வேண்டும் என்று கேட்டால் பெங்களூராவைத்தான் சொல்வேன்.

கிருஷ்ணகிரி நடுக்களம்:

சந்தூர்க்காரர் சொன்னதற்குக் கணக்கும் துணை நிற்கிறது. 1972-73 முதல் 1981-82 வரை ராப்சன் அணி பிடித்த இடங்கள்: 4, 4, 3, 6, 3, 18, 6, 3, 2, 2. பத்துப் பருவங்களில் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் முதல் ஆறுக்குள். தவறிய அந்த ஒரு பருவத்தில், அதாவது 1977-78இல், எஃப்.ஏ. கோப்பை கைக்கு வந்தது! இப்ஸ்விச் ஊரின் மக்கள்தொகை ஒன்றரை லட்சம்கூடக் கிடையாது. லிவர்பூல், மான்செஸ்டர், லண்டன் கிளப்புகளோடு பத்து ஆண்டு மல்லுக்கு நிற்பது விளையாட்டுப் பேச்சா?

எப்படி முடிந்தது என்றால், ஆட்களை வளர்த்தார். 1973இலும் 1975இலும் இளையோர் எஃப்.ஏ. கோப்பையை வென்றது இப்ஸ்விச். கெவின் பீட்டி, ஜான் வார்க், ஜார்ஜ் பர்லி, ரோஜர் ஆஸ்போர்ன், பிரையன் டால்பட், எரிக் கேட்ஸ், டெரி புட்சர் என எல்லாரும் கிளப்பின் சொந்த வார்ப்பு. ஆளை எப்போது விற்பது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. 1978 கோப்பையை வென்ற சில மாதங்களில் டால்பட்டை ஆர்சனலுக்கு 450,000 பவுண்டுக்கு விற்றார். அந்தத் தொகையில் பாதிக்கும் குறைவாகச் செலவிட்டு நெதர்லாந்தின் ட்வென்டே கிளப்பிலிருந்து ஃப்ரான்ஸ் தைசனைக் கொண்டுவந்தார். அதற்குச் சற்று முன்பே ஆர்னால்டு ம்யூரன் அதே கிளப்பிலிருந்து வந்து சேர்ந்திருந்தார். வெளிநாட்டு ஆட்டக்காரர்களை இங்கிலாந்து சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. நீளமாக உதைத்து அதன் பின்னால் ஓடுகிற ஆட்டத்தை விட்டு, நடுக்களத்தில் காலடியில் வைத்துக் கடத்துகிற ஆட்டத்துக்கு அணியே மாறியது. 1981இல் ஆட்டக்காரர் சங்கத்தின் சிறந்த வீரர் விருது வார்க்குக்கு, கால்பந்துச் செய்தியாளர்கள் தரும் விருது தைசனுக்கு. இரண்டும் ஒரே கிளப்புக்கு, அதுவும் இப்ஸ்விச்சுக்கு.

ஓசூர் ஷிப்ட்:

நீங்கள் எல்லாரும் புத்தகத்தில் படித்த அணிகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் கண்ணால் பார்த்த அணியைப் பற்றிப் பேசுகிறேன். 2000-01, கேபிள் டிவி, ஈஎஸ்பிஎன்னும் ஸ்டார் ஸ்போர்ட்ஸும். ஓசூரில் அறை எடுத்துத் தங்கியிருந்த நாங்கள் எல்லாரும் மான்செஸ்டர் யுனைடெட்டையும் ஆர்சனலையும் பார்க்க உட்கார்ந்தவர்கள். நீலச் சட்டைக்காரர்கள் சிலர் பயமே இல்லாமல் பந்தைத் தரையோடு கடத்திக்கொண்டு போவதைப் பார்த்து, இது யார் என்று கேட்டவன் நான். அன்று பிடித்தது.

ஜார்ஜ் பர்லி அணி முந்தைய பருவத்தில்தான் பிரீமியர் லீக்குக்கு ஏறியிருந்தது. வந்த முதல் ஆண்டிலேயே 66 புள்ளிகளோடு 5ஆம் இடம். நான்காம் இடத்து லீட்ஸ் 68, மூன்றாம் இடத்து லிவர்பூல் 69. மூன்று புள்ளி கூடுதலாகக் கிடைத்திருந்தால் ஐரோப்பாவின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் வாசலில் நின்றிருப்போம். மார்கஸ் ஸ்டூவர்ட் 19 லீக் கோல்; அவருக்கு மேல் அந்தப் பருவத்தில் ஹாசல்பைங்க் ஒருவர்தான். அடுத்த இருபது ஆண்டுகளில் இரண்டாம் நிலையிலிருந்து ஏறிவந்த எந்த அணியும் முதல் பருவத்தில் 5ஆம் இடத்தைத் தொடவில்லை.

அதற்கு முன் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். 1997, 1998, 1999 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள், மேலே ஏறும் கடைசி இடத்துக்கான பிளே-ஆஃப் போட்டியின் அரையிறுதியில் தோற்றார்கள். வேறு கிளப்பாக இருந்தால் மேலாளரை வீட்டுக்கு அனுப்பியிருக்கும். நான்காவது முறை 2000இல் அரையிறுதியில் போல்டனை வீழ்த்தினார்கள். அந்த ஆட்டத்தில் ஜிம் மாகில்டன் மூன்று கோல். பிறகு வெம்ப்ளியில் பார்ன்ஸ்லியை 4-2 என்று வென்று மேலே வந்தார்கள். பழைய வெம்ப்ளி மைதானத்தில் நடந்த கடைசிப் பிளே-ஆஃப் இறுதி அது. 1999இல் கீரன் டயரை நியூகாசிலுக்கு விற்றுவிட்டு, அவர் இல்லாமலேயே சாதித்தார்கள். நால்வரில் பர்லிக்கு மூன்றாவது இடம் என்று யாராவது போட்டால் நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

பென்னாகரம் பத்து:

ஓசூர் அண்ணா, உங்கள் பாசம் புரிகிறது. 2001-02ஐயும் பேசுவோமா? ஐரோப்பியக் கிளப்புகள் ஆடும் யூஈஎஃப்ஏ கோப்பையில் இன்டர் மிலானை போர்ட்மன் ரோட்டில் 1-0 என்று வென்றோம், சான் சிரோவில் 4-1 என்று வாங்கிக் கட்டிக்கொண்டோம். லீக்கில் 18ஆம் இடம், வெளியே. சம்பளப் பட்டியலோ ஐரோப்பாவில் தொடர்ந்து ஆடப்போகும் கிளப்புக்குரியது. கீழ் டிவிஷன்களின் ஒளிபரப்பு ஒப்பந்தமும் 2002இல் சரிந்தது. அக்டோபரில் பர்லி நீக்கப்பட்டார், 2003 பிப்ரவரியில் கிளப் திவாலுக்குத் தள்ளப்பட்டு நிர்வாகிகள் கைக்குப் போனது. 5ஆம் இடத்திலிருந்து அங்கே வர இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. நல்ல பருவம் ஒன்றைத் தந்தார் பர்லி. ராப்சனோடு ஒப்பிடப் பத்து வேண்டும்.

ஓசூர் ஷிப்ட்:

சம்பளப் பட்டியலில் கையெழுத்திட்டவர் மேலாளர் மட்டுமா? இயக்குநர் குழு எங்கே போயிற்று? ராப்சன் 1982இல் போன பிறகு நடந்ததைப் பாருங்கள். மைதானத்தின் மேற்குப் பக்கம் பார்வையாளர்களுக்குப் புதிய ஸ்டாண்டு கட்டிய கடன் கழுத்தை நெரித்தது. ம்யூரன் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு, அலன் பிரேசில் டாட்டன்ஹாமுக்கு, வார்க் லிவர்பூலுக்கு, பால் மரினர் ஆர்சனலுக்கு என்று ஒவ்வொருவராக விற்றார்கள். 1986இல் கீழே. "மேலாளர் போன பிறகு நடப்பதை வைத்து அளக்க வேண்டும்" என்ற உங்கள் அளவுகோலை ராப்சன் மேல் வையுங்கள் தம்பி, அவரும் தோற்றுப்போவார். ஆக, அளவுகோலில்தான் பிழை.

சிற்றலை, தருமபுரி:

ஓசூர்க்காரர் சரியான இடத்தில் கை வைத்தார். இந்த விவாதத்தில் இதுவரை எவரும் சொல்லாத பெயர் ஒன்று இருக்கிறது: ஜான் காபோல்டு. மதுபான ஆலை நடத்திய குடும்பம், கிளப்பின் தலைவர் பதவியும் அவர்கள் வீட்டில்தான் இருந்தது. ராப்சன் 1969 ஜனவரியில் வந்தார். முதல் முழுப் பருவத்தில் 18ஆம் இடம், அடுத்ததில் 19. ரசிகர்கள் மைதானத்தில் ராப்சன் வெளியேற வேண்டும் என்று கூச்சலிட்டார்கள். அதன் பிறகு கூடிய இயக்குநர் குழுவில் காபோல்டு, ரசிகர்கள் நடந்துகொண்ட விதத்துக்காக மேலாளரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்கினார். இன்று எந்தக் கிளப்பில் இப்படி ஒரு தலைவர் இருக்கிறார்? இரண்டு தோல்விப் பருவங்களைப் பொறுத்த அந்த மனிதர் இல்லாமல் நடுக்களம் தம்பி அடுக்கிய 4, 4, 3 எதுவும் கிடையாது.

இன்னொருவர் பில் மெக்கேரி. 1968இல் இரண்டாம் டிவிஷனை வென்று அணியை முதல் டிவிஷனில் நிறுத்திவிட்டு அவர் உல்வ்ஸுக்குப் போனதால்தான், ராப்சன் வரும்போதே மேல்தட்டில் தொடங்க முடிந்தது. கிராஃபோர்டை இரண்டாம் முறையாக இப்ஸ்விச்சுக்குக் கூட்டிவந்தவரும் அவர்தான். எல்லாரும் மறந்துவிடுகிற பாலம் அவர். 1992இல் பட்டம் வென்று பிரீமியர் லீக்கின் தொடக்க அணிகளில் ஒன்றாக நம்மைச் சேர்த்த ஜான் லயலையும் அந்த வரிசையில் வையுங்கள்.

நான் ராம்சே கட்சி என்றாலும் 1978 மே 6ஐ மறக்க மாட்டேன். சனிக்கிழமை இரவு ஏழரை மணி, பிபிசி உலக சேவை, சிற்றலையில் ஒலி அலைமோதி வரும். எதிரே ஆர்சனல். எல்லாரும் ஆர்சனல்தான் வெல்லும் என்றார்கள். ஆனால் பந்து முழுக்க நம்மிடம். மரினர் உதைத்தது கிராஸ்பாரில் பட்டது. வார்க் இரண்டு முறை அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இப்படியே தள்ளிப்போய்க் கடைசியில் ஏமாற்றிவிடுவார்கள் என்று வயிறு கலங்கியது. 77ஆம் நிமிடம். வலப் பக்கத்தில் டேவிட் கெடிஸ் ஓடி கிராஸ் போட்டார். ஆர்சனலின் வில்லி யங் அதைச் சரியாக வெளியேற்றவில்லை. பந்து ஆஸ்போர்ன் முன் வந்து நின்றது. இடது கால், கோல். இப்ஸ்விச் இருக்கும் சஃபோக் மண்ணில் பிறந்த பையன் அவர். வெயிலும் ஓட்டமும் மகிழ்ச்சியும் சேர்ந்து, கோல் போட்ட கையோடு நிற்க முடியாமல் தளர்ந்துபோனார். மாற்று ஆள் இறங்க வேண்டியதாயிற்று. கோப்பையை வென்று கொடுத்தவர் கடைசி நிமிடங்களில் களத்திலேயே இல்லை. கெடிஸை வலப் பக்கம் நிறுத்தி ஆர்சனலின் இடது ஃபுல்பேக்கை முன்னேற விடாமல் கட்டிப்போட்டது ராப்சனின் யோசனை. அன்று ஒரு ஃபுல்பேக்கைச் சிக்கவைத்துத்தான் ராப்சனும் வென்றார். ராம்சேயின் பள்ளிக்கூடம்தான் என்று நான் சொல்வேன்.

அரூர்ப் பெண்:

வணக்கம். எசெக்ஸில் படிக்கப் போனபோது கால்செஸ்டரில் தங்கியிருந்தேன். இப்ஸ்விச்சுக்கு ரயிலில் இருபது நிமிடம்தான். மைதானத்தில் ஒரு கோல்கம்பத்துக்குப் பின்னால் ஆல்ஃப் ராம்சே ஸ்டாண்டு, எதிர்ப்பக்கம் பாபி ராப்சன் ஸ்டாண்டு, பக்கவாட்டில் காபோல்டு ஸ்டாண்டு. இங்கே நீங்கள் இருவரையும் வைத்துச் சண்டை போடுகிறீர்கள்; அந்த ஊராரோ இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துவிட்டார்கள்.

நான் நேரில் பார்த்தது மெக்கென்னா அணி. 2019இல் கிளப் மூன்றாம் நிலைக்கு விழுந்தது. 1957க்குப் பிறகு அங்கே போனது அதுதான் முதல் தடவை. 2021 டிசம்பரில் 35 வயதில் மெக்கென்னா வந்தார். அதுவரை எந்த அணிக்கும் முதன்மை மேலாளராக இருந்ததில்லை. 2022-23இல் 98 புள்ளிகள், 101 கோல், ஏற்றம். அடுத்த பருவத்திலேயே 96 புள்ளிகள், இன்னொரு ஏற்றம். இரண்டு பருவங்களில் இரண்டு படி.

ஆட்டம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். கோல்கீப்பர் ஹ்லாட்கி பந்தை மிதித்துக்கொண்டு நிற்பார். நிற்பார் என்றால் நிற்பார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் "உதை, உதை" என்று கத்துவார்கள். எதிரணி ஸ்ட்ரைக்கர் பொறுமையிழந்து ஓடிவருவார். வந்ததும் அவர் விட்டுவந்த இடத்துக்குப் பந்து போகும். அங்கிருந்து இரண்டு பாஸ், இடது ஓரத்தில் லீஃப் டேவிஸ் கோட்டை ஒட்டி ஓடிக்கொண்டிருப்பார். இடது ஃபுல்பேக்கான அவர்தான் அந்தப் பருவத்தில் லீக்கிலேயே அதிக கோல்களுக்குப் பாஸ் கொடுத்தவர். சிற்றலை ஐயா லெட்பெட்டரைப் பற்றி எழுதியதைப் படித்தபோது எனக்கு ஹ்லாட்கிதான் நினைவுக்கு வந்தார். எதிராளியை இடம்விட்டு வரவழைக்கிற அதே வேலையை அறுபது ஆண்டு கழித்துக் கோல்கீப்பர் செய்கிறார்.

பென்னாகரம் பத்து:

அக்கா, அதை மறுக்கவில்லை. ஆனால் 2024-25இல் நூறு மில்லியன் பவுண்டுக்கு மேல் செலவிட்டும் 4 வெற்றி, 22 புள்ளிகள், திரும்பவும் கீழே. பர்லி மேலே ஏறிய முதல் பருவத்தில் 66 எடுத்தார்.

அரூர்ப் பெண்:

பர்லி காலத்து இடைவெளியும் இப்போதைய இடைவெளியும் ஒன்றா? அந்த ஆண்டு மேலே போன மூன்று அணிகளும், லெஸ்டரும் சவுத்தாம்ப்டனும் உட்பட, மூன்றுமே திரும்பி வந்தன. முந்தைய ஆண்டும் அதே கதை. பணத்தால் கட்டப்பட்ட சுவர் அது. அந்தப் பருவத்திலேயே டாட்டன்ஹாமை அவர்கள் மைதானத்தில் 2-1, செல்சியை நம் மைதானத்தில் 2-0 என்று வென்றதையும் எழுதிவையுங்கள்.

பாலக்கோடு விசில்:

நான் உடற்கல்வி ஆசிரியர். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். லெட்பெட்டர் வித்தையை எங்கள் வட்டாரப் போட்டியில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். இடது ஓரத்துக்கு வேகமான பையன் கிடைக்கவில்லை. இருந்தவன் மெதுவானவன், ஆனால் பந்தை வைத்த இடத்தில் போடுவான். அவனைக் கோட்டிலிருந்து உள்ளே இழுத்துப் பின்னால் நிற்கச் சொன்னேன். எதிரணி வலது பக்கத்துப் பையன் முதல் கால் மணி நேரம் முழுக்கத் தன் ஆசிரியரையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். போகவா, நிற்கவா என்று. ஆசிரியரிடமும் பதில் இல்லை. எங்கள் முதல் கோல் அவன் முதுகுக்குப் பின்னால்தான் விழுந்தது.

ஆகவே நான் ராம்சேக்குக் கை தூக்குகிறேன். பத்து ஆண்டு நல்ல அணி வைத்திருப்பது பெரிய காரியம். கையில் இருக்கிற சாதாரண ஆட்களுக்கு ஏற்ற ஆட்டத்தை உருவாக்குவது அதைவிட அரிது. இல்லாத வேகத்தைக் கேட்டு அழாமல் இருக்கிற காலுக்கு வேலை கொடுத்தார் அவர். எங்களைப் போன்றவர்கள் படிக்க வேண்டியது அந்தப் பாடத்தைத்தான்.

கிருஷ்ணகிரி நடுக்களம்:

விசில் சார், பயிற்சியாளராக ராம்சே மேல் என்றால் ஏற்கிறேன். ஆனால் நான் கேட்டது அணி. 1980-81ஐப் பற்றி இன்னும் சொல்லி முடிக்கவில்லை. அந்தப் பருவத்தில் வில்லாவை மூன்று முறை சந்தித்தோம், லீக்கில் இரண்டு, எஃப்.ஏ. கோப்பையில் ஒன்று. மூன்றிலும் நாம்தான் வென்றோம். பட்டம் வென்ற அணியைப் பார்த்த இடத்தில் எல்லாம் தோற்கடித்த அணிக்கு இரண்டாமிடம்!

காரணம் உடம்பு. லீக்கில் 42, யூஈஎஃப்ஏ கோப்பையில் 12, எஃப்.ஏ. கோப்பையில் 7, லீக் கோப்பையில் 5, மொத்தம் 66 ஆட்டங்கள். வில்லா ஐம்பதைக்கூடத் தொடவில்லை, பருவம் முழுவதையும் 14 ஆட்டக்காரர்களை வைத்தே ஓட்டிவிட்டது. ஏப்ரலில் நம்மவர்களின் கால் ஓய்ந்தது. எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் மான்செஸ்டர் சிட்டியிடம் கூடுதல் நேரத்தில் 1-0 என்று தோல்வி. அதே ஆட்டத்தில் பீட்டியின் கை முறிந்தது. அவர் இப்ஸ்விச்சுக்கு ஆடிய கடைசி ஆட்டமும் அதுவே. மே 2ஆம் தேதி வில்லா ஆர்சனலிடம் தோற்கிறது. நாமும் மிடில்ஸ்பரோவிடம் 2-1 என்று தோற்கிறோம். தோற்ற நாளில் வில்லா சாம்பியன். இதை எண்ணினால் இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

அந்த ஓய்ந்த கால்களோடுதான் நான்கு நாள் கழித்து யூஈஎஃப்ஏ கோப்பை இறுதியின் முதல் ஆட்டத்தில் ஏஇசட் அல்க்மாரை 3-0 என்று வென்றார்கள். ஆம்ஸ்டர்டாமில் 4-2 என்று தோற்றும், மொத்தத்தில் 5-4, யூஈஎஃப்ஏ கோப்பை நமக்கு. வார்க் அந்தப் போட்டியில் மட்டும் 14 கோல். வழியில் பிளாட்டினி ஆடிய சான்-எத்தியேனை அவர்கள் மண்ணில் 4-1 என்று வென்றதை எந்த இங்கிலாந்து அணியின் ஐரோப்பிய ஆட்டத்தோடும் ஒப்பிட நான் தயார். ராம்சே அணி ஐரோப்பியக் கோப்பையில் ஃப்ளோரியானாவை 10-0 என்று அடித்தது உண்மை. அடுத்த சுற்றில் மிலானிடம் 3-0 என்று தோற்று, திரும்ப வந்து 2-1 என்று வென்றும் வெளியே போனது.

சரி, நால்வர் அணிகளிலிருந்தும் பதினொருவரைத் தேர்ந்தெடுப்போம். என் பட்டியல்: கூப்பர், பர்லி, புட்சர், பீட்டி, மில்ஸ், வார்க், தைசன், ம்யூரன், கேட்ஸ், கிராஃபோர்டு, மரினர்.

ஓசூர் ஷிப்ட்:

பர்லியின் அணியிலிருந்து ஒருவர்கூட இல்லை, பர்லி மட்டும் ஆட்டக்காரராக இருக்கிறார்! கூப்பர் பெனால்டி தடுப்பதில் கெட்டிக்காரர் என்பதால் பர்லி அணியின் கோல்கீப்பர் ரிச்சர்ட் ரைட்டுக்காகப் பேசவில்லை. மேட் ஹாலண்டு எங்கே? பருவம் முழுக்க நடுக்களத்தில் ஓய்வே எடுக்காமல் ஓடிய கேப்டன் அவர். கேட்ஸை எடுத்துவிட்டு அவரைப் போடுங்கள்.

சிற்றலை, தருமபுரி:

கேட்ஸை எடுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அங்கே வரவேண்டியவர் லெட்பெட்டர். கிராஃபோர்டை எடுத்துக்கொண்டு அவருக்குப் பந்து கொடுத்தவரை வெளியே உட்கார வைப்பது என்ன நியாயம்?

கிருஷ்ணகிரி நடுக்களம்:

ஐயா, இடப் பக்கத்தில் ம்யூரன் இருக்கிறார். இருவரும் இடது காலால் பந்தை வைத்த இடத்தில் போடுகிறவர்கள், இருவரும் நிற்கப்போவது ஒரே இடத்தில். ம்யூரனை நீக்க எனக்கு மனம் வராது.

பாலக்கோடு விசில்:

நீக்க வேண்டாம். மரினரை எடுத்துவிட்டு டெட் ஃபிலிப்ஸைப் போடுங்கள், கேட்ஸ் இடத்தில் லெட்பெட்டர். ம்யூரன் சற்று உள்ளே, லெட்பெட்டர் அவருக்கு வெளியே பின்னால். எதிரணி வலது ஃபுல்பேக்குக்கு இப்போது ஒருவருக்குப் பதில் இருவர். யாரைத் தேடிப் போவார்?

பென்னாகரம் பத்து:

அப்படியானால் நிக்கல்சன் செய்ததைத் திரும்பவும் செய்வார்கள் சார். ஃபுல்பேக்கை உள்ளே இழுத்துவிடுவார்கள்.

பாலக்கோடு விசில்:

இழுக்கட்டும். ஓரம் காலியாகும், பின்னாலிருந்து இடது ஃபுல்பேக் மில்ஸ் ஏறுவார். அரூர்த் தங்கை சொன்ன லீஃப் டேவிஸ் வேலை அதுதானே? மில்ஸால் முடியாது என்று நினைத்தால் டேவிஸையே போடுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

கிருஷ்ணகிரி நடுக்களம்:

மில்ஸ் கிளப்புக்காக அதிக ஆட்டம் ஆடியவர், 1978 கோப்பையையும் 1981 கோப்பையையும் தூக்கிய கேப்டன். அவரை நீக்குகிற பட்டியலில் நான் கையெழுத்திட மாட்டேன். லெட்பெட்டர் உள்ளே, கேட்ஸ் வெளியே. அதுவரை இறங்கி வருகிறேன். மரினரா, ஃபிலிப்ஸா என்பதற்கு மற்றவர்கள் வாக்களியுங்கள்.